மாத்திரை முன்னே, நோய் பின்னே



நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வருகிற குடும்பம் எப்போதும் ஒரு பையோடுதான் வரும். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மடங்கிக் கசங்கிய சீட்டுகள், அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். துழாவி ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். "இதைப் போட்டதுக்கு அப்புறம்தான் டாக்டர், இவருக்குக் கால் விழுந்துச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது ஆன்டிபயாட்டிக் அட்டையாக இருக்கும்.

இந்தச் சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளுகிற மருத்துவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய ஆய்வுக்கூடங்களும் பல ஆண்டுகளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த நரம்பையே தாக்குகிற நோய்களுக்கும், நாம் விழுங்குகிற ஆன்டிபயாட்டிக்குக்கும் உறவு உண்டா? உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உறவு நோய்க்கு நோய் மாறுகிறது. ஓரிடத்தில் மருந்து காப்பாற்றுகிறது, இன்னோரிடத்தில் கெடுக்கிறது, வேறோரிடத்தில் சும்மா நின்ற குற்றத்துக்குப் பழி சுமக்கிறது. மாத்திரையை மட்டும் விசாரித்தால் இது விளங்காது. அந்த மாத்திரை எதற்காகப் போடப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான சாட்சியம்.

கால் விழுந்த கதையிலிருந்தே தொடங்குவோம். 1916ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சு ராணுவ மருத்துவர்களான ஜார்ஜ் கில்லன், ழான் அலெக்ஸாந்தர் பாரே, ஆந்த்ரே ஸ்ட்ரோல் மூவரும் இரண்டு சிப்பாய்களைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் கைகால் தளர்ந்திருந்தது. முழங்காலில் தட்டினால் துள்ள வேண்டிய கால் துள்ளவில்லை. முதுகுத் தண்டுவட நீரில் புரதம் ஏறியிருந்தது, அணுக்கள் மட்டும் கூடவில்லை. அதுதான் இன்று நாம் சொல்லும் கில்லன்-பாரே நோய், சுருக்கமாக ஜிபிஎஸ். மூவர் எழுதிய கட்டுரையில் ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. 1859லேயே இதே மாதிரியான, காலிலிருந்து மேலேறும் வாதத்தை விவரித்த லாந்த்ரியின் பெயரும் அப்படியே போயிற்று.

நம் ஊரில் இது எப்படி வருகிறது? ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் பொறுத்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொல்கிறார். ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை கொடுக்கிறார்கள். பேதி நிற்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மறுநாள் இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தவர் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த நாள் படி ஏற முடியவில்லை. பிறகு கை, சிலருக்கு முகம், சிலருக்கு மூச்சு. வீட்டார் நாட்களை எண்ணிப் பார்க்கிறார்கள். பேதி எப்போதோ நின்றுவிட்டது. அதை யாரும் நினைப்பதில்லை. மாத்திரை அட்டை மட்டும் பையில் இருக்கிறது.

பழியைச் சுமக்க வேண்டியது பேதிதான். அதை உண்டாக்கிய நுண்ணுயிர்களில் ஒன்று கேம்பைலோபாக்டர் ஜெஜுனி. கோழியின் குடலில் அதற்குத் தொந்தரவில்லாமல் குடியிருப்பது. இந்த நுண்ணுயிரின் மேலுறையில் உள்ள சர்க்கரைத் தொடர், நம் நரம்பின் மேல் உள்ள ஜிஎம்1 என்ற பொருளின் சர்க்கரைத் தொடரை அச்சு அசலாக ஒத்திருக்கிறது. நுண்ணுயிரை அழிக்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் நரம்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானிய மருத்துவர் நோபுஹிரோ யூகி 1990களில் இதைத் துருவத் தொடங்கினார். 2004இல் அவருடைய குழு அந்த மேலுறைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்து முயல்களுக்குச் செலுத்தியபோது முயல்களின் கால்கள் தளர்ந்தன. அந்தச் சோதனையில் மாத்திரையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். 1990களின் தொடக்கத்தில் வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகள் வாதம் வந்து படுத்ததை அமெரிக்க, சீன மருத்துவர்கள் சேர்ந்து ஆராய்ந்தபோதும் இதே நுண்ணுயிரின் தடம்தான் தெரிந்தது. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் ஜிபிஎஸ் பரவி, சந்தேக நோயாளிகள் இருநூறைத் தாண்டியபோது, மலப் பரிசோதனைகளில் கேம்பைலோபாக்டரும் நோரோவைரஸும் வெளிப்பட்டன. விசாரணை உடனே குடிநீர்ப் பக்கம் திரும்பியது.

இங்கே யாரும் பயந்துவிடக் கூடாது. கேம்பைலோபாக்டர் பேதி வந்தவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கே ஜிபிஎஸ் வருகிறது. வந்தவர்களிலும் பெரும்பாலோர் மாதக்கணக்கில் ஆனாலும் எழுந்து நடக்கிறார்கள்.

அப்படியானால் பேதி வந்தவுடன் நல்ல ஆன்டிபயாட்டிக் போட்டால் ஜிபிஎஸ்ஸைத் தடுக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்குச் சான்று கிடையாது. நோயாளி மருந்து வாங்கப் போகும் நேரத்துக்குள் உடல் அந்தச் சர்க்கரைத் தொடரைப் பார்த்துவிட்டது. எதிர்ப்பொருள் தயாரிக்கும் வேலை தொடங்கியாயிற்று. போதாக்குறைக்கு, இந்தியாவில் கேம்பைலோபாக்டர் பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை. இந்த எதிர்ப்புத் திறன் வளர்ந்ததில் கோழிப் பண்ணைகளுக்குப் பங்கு உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கோழிகளுக்குக் கொடுத்துவந்த என்ரோஃப்ளாக்சசினுக்கான அனுமதியை 2005இல் திரும்பப் பெற்றதே கேம்பைலோபாக்டரைக் காரணம் காட்டித்தான்.

எது வேலை செய்கிறது என்று நியூசிலாந்து காட்டியது. பணக்கார நாடுகளில் கேம்பைலோபாக்டர் பேதி மிக அதிகமாக இருந்த இடங்களில் அது ஒன்று. 2006 முதல் கோழி இறைச்சியில் நுண்ணுயிர் அளவைக் கட்டாயமாகக் குறைக்கும் நடவடிக்கைகள் எடுத்தார்கள். ஓரிரு ஆண்டில் அந்தப் பேதி பாதியாகக் குறைந்தது. கூடவே, யாரும் நேரடியாகக் குறிவைக்காத ஜிபிஎஸ்ஸும் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. ஒரு நரம்பு நோயைக் கோழி வெட்டும் கூடத்தில் குறைத்திருக்கிறார்கள். என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதில் நரம்பியல் மருத்துவர் செய்ய ஒன்றுமே இல்லை.

அடுக்களைக்கு வருவோம். பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம், நீர்த்துளி தெறித்து நுண்ணுயிர் பரவுகிறது என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014இல் பிரசாரமே நடத்தியது. மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் கோழியை அடுப்பில் ஏற்றச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப்போவதில்லை. எனவே இவ்வளவு செய்யுங்கள்: சீறுகிற குழாயடியில் பிடிக்காமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் அலசுங்கள், தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கோழி நறுக்கிய கத்தியிலும் பலகையிலும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நறுக்காதீர்கள். கோழி வெந்துவிடும், தயிர்ப் பச்சடி வேகாது.

இப்போது நேர் எதிரான ஒரு நோய். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருவது. திடீரென்று கையெழுத்து கோணலாகும். கையிலிருந்து டம்ளர் நழுவும். முகத்தைச் சுளிக்கிறாள், உட்கார்ந்த இடத்தில் நெளிகிறாள் என்று ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டியபடி வைத்திருக்க முடியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிடன்ஹாம் கொரியா என்று பெயர். ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686இல் எழுதியது. தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்பொருள், வாரங்களோ மாதங்களோ கழித்து மூளையின் அடிப்பகுதிக் கருக்களைத் தொந்தரவு செய்கிறது. இதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலின் இன்னொரு முகம் இது.

இங்கே ஆன்டிபயாட்டிக் காவலாளி. 1950இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப்படைத் தளத்தில், தொண்டை நோய் வந்த படைவீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தார்கள். வாதக் காய்ச்சல் வருவது பெருமளவு நின்றது. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடி வராமலிருக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தின் பென்சிலின் ஊசி. 21 வயது வரை, சிலருக்கு அதற்கும் மேல். வலிக்கிற ஊசிதான். "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இன்னும் ஊசி?" என்று பாதியில் நிறுத்துகிற பெற்றோர்தான் எங்களுக்குக் கவலை. ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி போடாதீர்கள் என்று மேடைதோறும் பேசுகிற நானே, இந்த ஒன்றை மட்டும் விடாமல் போடுங்கள் என்று கெஞ்சுவேன்.

இனிச் சிக்கலான இடம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையை நோயெதிர்ப்பு அணுக்கள் அரிக்கும் நோய். ஒரு கண் மங்கும், பிறகு தெளியும். சில மாதம் கழித்து ஒரு பக்கம் மரக்கும். சிறுநீர் அவசரமாக வரும், அல்லது வர மறுக்கும்.

2006இல் பிரிட்டிஷ் பொது மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் 15 நாளோ அதற்கு மேலோ பென்சிலின் எடுத்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான் என்றது. 2011இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளிலிருந்து இன்னோர் ஆய்வு. பென்சிலின் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், மற்ற ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் என்றது. ஒரே மருந்து, ஒரே நோய், எதிரெதிர் விடை. பத்திரிகைக்காரர் ஒருவர் முதல் ஆய்வை மட்டும் படித்தால் "பென்சிலின் மூளையைக் காக்கும்" என்று தலைப்பு வைப்பார்; இரண்டாவதை மட்டும் படித்தால் எதிர்த் தலைப்பு.

டென்மார்க் ஆய்வாளர்கள் நிதானமானவர்கள். எல்லா வகை ஆன்டிபயாட்டிக்கும் ஒரே திசையில் காட்டுவதைப் பார்த்து, காரணம் மருந்தாக இராது, மருந்து தேவைப்பட்ட தொற்றாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதன்பின் வந்த இரண்டு கண்டுபிடிப்புகள் அந்த ஐயத்துக்கு எலும்பும் சதையும் கொடுத்தன.

ஒன்று, 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரின் சேமித்த ரத்தத்தை அடிப்படையாகக் கொண்டு, ஹார்வர்டைச் சேர்ந்த அஸ்கேரியோவின் குழு செய்தது. பணிக்காலத்தில் எம்.எஸ். கண்டறியப்பட்டவர்கள் 955 பேர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. மற்ற வைரஸ்களுக்கு அப்படி உயரவில்லை. இந்த வைரஸ் இளைஞர்களைத் தாக்கினால் எப்படி இருக்கும்? கடும் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல். பார்க்கிற மருத்துவர் பாக்டீரியா என்று நினைத்து அமாக்சிசிலின் எழுதுவார். வைரஸை அது ஒன்றும் செய்யாது; உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு வரலாம். இந்தத் தடிப்பே ஒரு துப்பு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆண்டுகள் கழித்து அவருக்கு எம்.எஸ். வந்தால், பதிவேட்டில் வைரஸ் இருக்காது; அமாக்சிசிலின் இருக்கும்.

இரண்டாவது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெலன் டிரெம்லெட்டின் குழு காட்டியது. எம்.எஸ். என்று பெயர் வைப்பதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவரிடம் போகிறார்கள், அதிக மருந்துச் சீட்டு வாங்குகிறார்கள். நோய் அப்போதே உள்ளே நடமாடத் தொடங்கிவிட்டது. சிறுநீர்ப்பை நரம்பு தளர்ந்தால் சிறுநீர் தேங்கும், தேங்கினால் தொற்று வரும், தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிறோம். மணியோசைதான் யானையைக் கூட்டி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பதிவேடுகளை மட்டும் வைத்து ஆராய்கிறவர்கள் அந்தத் தவற்றில் விழுவது சுலபம்.

அதற்காக மருந்துக்கும் எம்.எஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று கதவைச் சாத்திவிடவும் முடியாது. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கதை இருக்கிறது. 2011இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஹார்ட்முட் வெக்கர்லேயின் குழு, தானாகவே எம்.எஸ். போன்ற நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளைக் கிருமியே அண்டாத கூண்டில் வளர்த்தது. நோய் வரவில்லை. சாதாரண எலிகளின் குடல் நுண்ணுயிர்களை உள்ளே விட்டார்கள், வந்தது. அதற்கு முன்பே, 2009இல், அமெரிக்காவின் டார்ட்மத்தில் லாயிட் காஸ்பரின் குழு எலிகளுக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்து இதே போன்ற நோயின் வேகத்தைக் குறைத்திருந்தது. அதே மருந்துகளை ஊசியாகச் செலுத்தியபோது அந்தப் பலன் இல்லை. அதாவது மருந்து மூளையில் போய் எதையும் செய்யவில்லை. குடலில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதை மாற்றியது. எலிக்கு நல்லதாக அமைந்தது மனிதருக்கும் அமையுமா என்பது வேறு. ஏனென்றால் குடலில் நோயைத் தூண்டுகிறவர்களும் அடக்குகிறவர்களும் சேர்ந்தே வாழ்கிறார்கள். ஆன்டிபயாட்டிக்குக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது.

மனிதரில் செய்த முயற்சி ஒன்றைச் சொல்கிறேன். மினோசைக்ளின், முகப்பருவுக்குக் கொடுக்கும் பழைய ஆன்டிபயாட்டிக். கிருமியைக் கொல்வதைத் தவிர, மூளைக்குள் உள்ள மைக்ரோக்ளியா அணுக்களின் அழற்சியையும் தணிக்கும். கனடாவின் கால்கரியில் லுவான் மெட்ஸ் தலைமையில், முதல் தாக்குதல் வந்த 142 பேருக்கு மினோசைக்ளினோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் முழு எம்.எஸ். ஆக மாறியவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 61 விழுக்காடு, மினோசைக்ளின் குழுவில் 33 விழுக்காடு. 2017இல் வெளியானது. நல்ல செய்திதான், ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. இதே மினோசைக்ளின் சிலருக்கு லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோயை உண்டாக்குகிறது என்பதும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. ஆக, தயவுசெய்து யாரும் கடைக்குப் போய் மினோசைக்ளின் கேட்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய நோய்: மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு சொல்வதைத் தசை கேட்கிற சந்திப்பில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருள் வேலை செய்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை எதிர்ப்பொருள் அடைத்து அழிக்கிறது. 1973இல் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தி முயல்களின் தலையைத் தொங்கவைத்ததும் இது தன்னுடல் தாக்கு நோய்தான் என்று தெளிவாயிற்று. காலையில் தெளிவாக இருக்கும் நோயாளிக்கு மாலையில் இமை இறங்கும். கூரையை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் இமைகள் சரியும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை ஏற ஏறக் குரல் மூக்கால் வரும், இருபதை எட்டாமல் மூச்சு வாங்கினால் வார்டில் படுக்கை தேடத் தொடங்குவோம்.

இவர்கள் விஷயத்தில் மாத்திரை அட்டையை எடுத்து வைக்கும் குடும்பம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினோலோன் மருந்துகள் இந்த நோயை முற்றவைக்கும் என்று எஃப்டிஏ 2011இல் கட்டம் கட்டி எச்சரித்தது. டெலித்ரோமைசின் என்ற மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2007இல் சொல்லிவிட்டது. ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகையும் ஆபத்துதான். அசித்ரோமைசினிலும் எச்சரிக்கை வேண்டும். இவை எதிர்ப்பொருளைக் கூட்டுவதில்லை. ஏற்கெனவே நலிந்த சந்திப்பில் தூதுப்பொருள் வெளிவருவதையோ போய்ச் சேர்வதையோ தடுக்கின்றன. அதனால் விளைவு வாரக்கணக்கில் காத்திருக்காது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தெரியும்.

விதிவிலக்காக ஒரு மருந்து எதிர்ப்பொருளையே உண்டாக்கி மயஸ்தீனியாவை வரவழைக்கிறது. அதன் பெயர் பென்சிலமைன். பென்சிலின் சிதைந்து வருவது, ஆனால் ஆன்டிபயாட்டிக் அல்ல; செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய்க்குக் கொடுப்பது. மருந்தை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் மெல்ல விலகிவிடும். ஆன்டிபயாட்டிக்குகளின் குடும்ப மரத்தில் தன்னுடல் தாக்கு நரம்பு நோயைத் தெளிவாக விளைவிக்கிற உறவினர் யார் என்று தேடினால், கிடைப்பவர் அந்த வேலையே பார்க்காதவர்!

மயஸ்தீனியா உள்ளவர்கள் சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று எங்கே போனாலும், உட்கார்ந்தவுடன் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயரை உங்கள் மருத்துவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கி, போன் உறைக்குள் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்குவதை இவர்கள் அறவே விட வேண்டும். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பொதுவாக ஒத்துக்கொள்ளும். தொற்றுக்கு மருந்தே கூடாது என்று தப்பாக எண்ணிவிடாதீர்கள், ஏனெனில் கவனிக்காமல் விட்ட தொற்றே இந்நோயாளிகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும் முதன்மைக் காரணங்களில் ஒன்று. உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது நாங்களே அந்தத் தடுத்த மருந்தையும் கொடுப்பதுண்டு. அப்போது பக்கத்தில் வென்டிலேட்டர் இருக்கும். மருந்துக் கடையில் அது இருக்காது.

கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது. கேளுங்கள்.